ரஸ்ட் கேம்ல எங்கட டீமும் அக்கரைப்பற்றுப் பெடியனுகளும் ஒண்டாச் சேரப் போறம், 9 பேர் இரிக்கம், எப்பிடிச் செய்ற?

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்து வாசிச்சிட்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

நாங்க 5 பேர், எல்லாரும் கல்லடி நாவற்குடாப் பக்கம், ஒண்டாப் படிச்ச ஆக்கள். சிங்கப்பூர் சேர்வர் ஒண்டில விளையாடுறம், மாசத்துக்கு ஒருக்கா வைப் (வீடு, சாமான் எல்லாத்தையும் அழிச்சு முதல்ல இருந்து தொடங்கிற), டீமுக்கு 8 பேர். எங்கட பேஸுக்கு (கேம்ல கட்டின வீட்டுக்கு) முன்னுக்குப் போற ரோட்டுக்கு அங்கால மலையடியில 4 பேர்ட பேஸ் ஒண்டு இரிந்திச்சு. யாரெண்டே தெரியா, கண்ட இடத்தில சுடுறதும் ஓடுறதும்தான். ஒரு நாள் ராவு எங்கட ஆள் ஒருத்தன் அடிபட்டு விழுந்து கிடக்கான், இன்னும் சாகல்ல, பக்கத்தில வந்து நிண்டவன் மைக்கில "மச்சான் இவன்ட கையில ஒண்டுமில்லடா, வெறும் வில்லுதான்" எண்டு நம்மட கதையில கதைக்கிறான். கீழ கிடந்தவன் "டேய் நீங்க எந்த ஊர்டா" எண்டு கத்த, அவனுகள் சிரிச்சு, ஊசி குத்தி எழுப்பி விட்டானுகள். அக்கரைப்பற்றுல 3 பேர், நிந்தவூர்ல ஒருத்தர்.

அதுக்குப் பிறகு சுடுறதில்ல எண்டு ஒரு பேச்சு. பிறகு ஒரு பெரிய கிளான் வந்து அவங்கட பேஸுக்கு ரொக்கெட் அடிக்கத் தொடங்கிட்டானுகள், சத்தம் எங்கட கூரைக்குக் கேக்கிது, நாங்க 4 பேர் ஓன்லைன், பின்னுக்கால போய் அடிச்சம். அவனுகள் உள்ளுக்கிருந்து, நாங்க வெளியில இருந்து. வந்தவனுகள் கொண்டு வந்த ரொக்கெட்ல பாதிய விட்டிட்டு ஓடினானுகள். அந்த ராவுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் ஒரே டிஸ்கோர்ட்லதான் கிடக்கிறம்.

இப்ப ஒண்டாச் சேர்ற கதை வந்திரிக்கி. எல்லாருக்கும் விருப்பம். ஆனா எந்த பேஸ வச்சிரிக்கிற, எதை விடுற, லீடர் யாரு, லூட் (சேர்க்கிற சாமான்) ஒரே பெட்டியா தனித்தனியா, அவங்களுக்கு எங்கட கதவுக் கோட் குடுக்கிறதா, அதெல்லாத்துக்கும் மேல 5ம் 4ம் 9, டீமுக்குள்ள 8 பேர்தான் போகலாம். யாரை வெளியில விடுற? இத நினைச்சாலே எனக்குக் கஷ்டமா இரிக்கி. இப்பிடிச் சேர்ந்து விளையாடின ஆக்கள் இரிந்தா சொல்லுங்க.


களுவாஞ்சி அட்மின்

தம்பி, நான் ஒரு சின்ன சேர்வர் கொஞ்சக் காலம் நடத்தினன், அந்தப் பழக்கத்தில சொல்றன்.

முதல் வேலை உங்கட சேர்வர் சட்டத்த வாசிக்கிற. பேர்லயே சோலோ டுவோ ட்ரியோ (கூடினா மூணு பேர்தான்) எண்டு போட்டிரிந்தா, அந்தக் கணக்குக்கு மேல ரெண்டு குறூப் உதவி செஞ்சாலே பேன் அடிப்பாங்க, டீம்ல சேர்ந்தீங்களா இல்லையா எண்டெல்லாம் பாக்க மாட்டாங்க, பக்கத்தில பக்கத்தில நிண்டு சுடாம இரிந்தாலே போதும். உங்கட சேர்வர்ல அப்பிடி இல்லாட்டி பயமில்ல.

ரெண்டாவது, கனபேர் குழப்பிக்கிறது இதுதான். ரஸ்டில டீம் வேற, வீடு வேற. டீம் எண்டா தலைக்கு மேல பச்சப் புள்ளி, மெப்பில ஆள் நிக்கிற இடம், டீம் சட், அவ்வளவுதான். வீடு யாருட, யார் அங்க கட்டலாம் எண்டத டூல் கபர்ட் எண்ட அலுமாரி சொல்லும், கதவ யார் திறக்கலாம் எண்டத கோட் லொக் (நம்பர் பூட்டு) சொல்லும், டரெட்டுக்குள்ள (தானாச் சுடுற துவக்கு) ஒரு தனி லிஸ்ட் இரிக்கி. நாலும் நாலு சாமான். ஒண்டில சேர்ந்தா மத்ததில தானாச் சேராது. டீம்ல இன்வைட் அடிச்சு பச்சப் புள்ளி வந்ததும் "வாங்க வீட்டுக்கு" எண்டு கூப்பிட்டு, வாசல்ல நிக்கிற டரெட் புது ஆக்கள் எல்லாரையும் சுட்டுப் போட்டத நான் என்ட கண்ணால பாத்திரிக்கன். டரெட்ட ஓஃப் பண்ணி ஒவ்வொருத்தரா ஓதரைஸ் பண்ணோணும், பண்ணிட்டுத்தான் கரண்ட் குடுக்கோணும்.

இன்னொண்டு, ரஸ்டில டீம்காரனுக்கும் வெடி படும். பச்சப் புள்ளி இரிந்தாலும் உங்கட குண்டு அவனைக் கொல்லும். 9 பேர் ஒரு சண்டைக்குள்ள நிக்கக்குள்ள இதுதான் பெரிய தலையிடி.


ஓட்டமாவடி

சேர வேணாம் எண்டு சொல்லல்ல. நடு வைப்பில சேர வேணாம் எண்டு சொல்றன்.

எங்கட கதையச் சொல்றன். நாங்க 3 பேர், வேற 4 பேர் கொண்ட குறூப் ஒண்டோட வைப் பாதியில சேர்ந்தம். அவனுகள்ட பேஸ் பெரிசு, எங்கட பேஸ் சின்னன், அப்ப எங்கட சாமான் எல்லாத்தையும் ராவு ராவாச் சுமந்து அவனுகள்ட பேஸுக்குக் கொண்டு போய் ஒரே பெட்டியில போட்டம். சல்ஃபர் (வெடி செய்ற கந்தகம்), ஸ்க்ரப் (புதுச் சாமான் செய்யப் படிக்கச் செலவழிக்கிறது), துவக்கு எல்லாம். கொஞ்ச நாள் நல்லாப் போச்சு. பிறகு "நாங்க நாலு பேர் கல்லு மரம் வெட்டிச் சாமான் சேர்க்கிறம், நீங்க மூணு பேரும் சண்டைக்கு மட்டும் வாறீங்க" எண்டு கதை வந்திச்சு. ஒரு நாள் காலம்பொற எழும்பி ஓன் பண்றன், நான் கடற்கரையில நிக்கன். ஓஃப் பண்ணினா நம்மட ஆள் கேமுக்குள்ள உறங்கிக் கிடக்கும், அப்பிடி உறங்கின என்னை வெளியில போட்டுச் சாவடிச்சிரிக்கானுகள். ஓடிப் போனா கதவில கோட் மாத்தியிரிக்கு, சிவப்பு லைட் எரியிது, எங்கட ஸ்லீப்பிங் பேக் (செத்தா திரும்ப எழும்புற இடம்) ஒண்டும் மெப்பில இல்ல, டூல் கபர்ட் லிஸ்ட கிளியர் பண்ணிட்டு தங்கட பேர மட்டும் போட்டிரிக்கானுகள். உள்ளுக்கு வெளிச்சம் எரியிது, ஆள் நடக்கிற சத்தம் கேக்கிது. கதவத் தட்டினன், ஒருத்தரும் கதைக்கல்ல.

சல்ஃபர் போனது எனக்குப் பெரிசில்ல, அது திரும்ப வெட்டலாம். கதவுக்கு அங்கால நிண்டுகொண்டு ஒரு வார்த்தை கதைக்காம இரிந்தானுகளே, அதுதான்.

அதால சொல்றன், சேர்றதெண்டா வைப் அண்டைக்குச் சேருங்க. எல்லாருட கையிலயும் ஒரு கல்லும் ஒரு பந்தமும் மட்டும் இரிக்கிற நேரம். அப்ப "நான் கொண்டு வந்தது, நீ கொண்டு வந்தது" எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலா.


கல்முனைத் தனியாள்

நான் தனிய விளையாடுற ஆள், என்ட பக்கத்தையும் ஒருக்காக் கேளுங்க.

9 பேர் சேர்ந்து ஒரு இடத்தில இரிந்தா அந்தச் சுத்துவட்டாரத்தில மத்த ஒருத்தரும் வாழ ஏலாமப் போகுது. 4 பேர் 5 பேரா இரிக்கக்குள்ள ஒரு ஆள் மரம் வெட்டிக் கொண்டிரிந்தா விட்டிட்டுப் போவீங்க, 9 பேரானா கட்டாயம் ஒருத்தன் சுடுவான், கைக்கு வேலை இல்லாம நிக்கிற ஆக்கள் கூடுறதால. நான் சொல்றது உங்களப் பத்தி இல்ல, பெரிய குறூப் எல்லாத்திலயும் பாத்தது. சேருங்க, ஆனா வில்லும் துணியுமா நிக்கிற ஆளைச் சுடாம விடுறதெண்டு நீங்களே ஒரு சட்டம் வச்சுக்கொள்ளுங்க. நம்மட பக்கத்து ஆக்கள் அந்த சேர்வர்ல இன்னும் இரிப்பாங்க, மைக் இல்லாததால தமிழ் எண்டு தெரியாம இரிப்பாங்க.


கல்லடிக்காரன்

தனியாள் அண்ணே, அது ஞாயமான கதை. எங்கட ஆக்களிட்ட இண்டைக்கே சொல்றன். நாங்களும் ரெண்டு பேரா தொடங்கின ஆக்கள்தான்.

ஓட்டமாவடி அண்ணே, வாசிக்கவே நெஞ்சு ஒரு மாதிரிப் போச்சு. வைப் அண்டைக்குச் சேர்றது நல்ல யோசனை, ஆனா அதுக்கு இன்னும் நாள் இரிக்கி, பெடியனுகள் இப்பவே சேருவம் எண்டு நிக்கிறானுகள்.


அக்கரை நானா

மச்சான், லிங்க் அனுப்பினதுக்கு நன்றி. நான்தான் மத்தப் பக்கம். எங்கட பக்கக் கதையயும் எழுதிட்டாத்தான் ஆக்கள் சரியாச் சொல்லுவாங்க.

எங்களுக்கு இரிக்கிற பயம் களவு இல்ல. அந்த ராவு நீங்க வந்து அடிச்சதுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் எங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. பயம் என்னெண்டா நாங்க 4 பேர், நீங்க 5 பேர், எதுக்கெடுத்தாலும் கை தூக்கினா 5க்கு 4 எண்டு நாங்கதான் தோப்பம். எந்தப் பக்கம் பேஸ் கட்டுற, எவனை ரெயிட் பண்ற (எவன்ட வீட்ட உடைக்கிற), எத்தின மணிக்குப் போற, எல்லாத்திலயும். நீங்க வேணுமெண்டு செய்ய மாட்டீங்க, ஆனா உங்க அஞ்சு பேருக்கும் சின்ன வயசில இருந்து பழக்கம், ஒருத்தன் சொன்னா மத்த நாலு பேரும் தலையாட்டுவீங்க. அது இயற்கை. எங்கள்லயும் அப்பிடித்தான்.

அடுத்தது கோட். உங்கட ஆள் ஒருத்தர் கேட்டார், தொடக்கத்தில எங்களுக்கு கெஸ்ட் கோட் மட்டும் குடுப்பம், பிறகு மெயின் கோட் தருவம் எண்டு. எனக்கு விளங்குது ஏன் கேட்டார் எண்டு. ஆனா நிந்தவூர் ஆள் அதக் கேட்டிட்டு ரெண்டு நாள் ஓன்லைன் வரல்ல. கதவத் திறக்கலாம், லொக்கத் தொட ஏலா எண்டா அது வீடில்ல, விருந்துக்கு வந்த இடம். நாங்க எங்கட பேஸ விட்டிட்டு வந்து உங்கட வீட்டில விருந்தாளியா இரிக்கிறதெண்டா, பேசாம மலையடியிலயே இரிந்து பக்கத்து வீட்டுக்காரனா இரிக்கிறது நல்லம். அதுவும் ஒரு மரியாதையான உறவுதானே.

நேரத்தையும் சொல்லோணும். எங்கட ஆக்கள் ரெண்டு பேர் கடை பூட்டிட்டு வந்துதான் விளையாடுறவங்க, ராவு 10 மணிக்குப் பிறகுதான். நோன்பு காலத்தில சஹர் வரைக்கும் இரிப்பம். வெள்ளிக்கிழமை பகல் எங்கள எதிர்பாக்க வேணாம்.


திருக்கோவில் அக்கா

நானா கடைசியா எழுதின நேரக் கதைதான் இந்த இழையிலயே பெறுமதியான கதை எண்டு எனக்குப் படுது, ஆனா அத ஒருத்தரும் தூக்கிப் பாக்கல்ல.

ரஸ்டில பேஸ் போறது கூடுதலா ஆள் இல்லாத நேரம். கல்லடிப் பெடியனுகள் பின்னேரம் வந்து 12 மணி மட்டில போவானுகள் எண்டு நினைக்கன். நானாட ஆக்கள் 10 மணிக்கு வந்து விடியச்சாமம் வரை. அப்ப ரெண்டு குறூப்பும் சேர்ந்தா பின்னேரத்தில இருந்து விடியுற வரை வீட்டில எப்பவும் ஆள். சேர்றதால வாற பெரிய லாபம் இதுதான். 9 துவக்கு ஒரே நேரத்தில நிக்கிறது ரெண்டாம் பட்சம், அப்பிடி நிக்கிற ராவு எத்தின வரப் போகுது?

இத ஒத்துக்கொண்டா மத்தக் கேள்விகள் லேசாகும்.

9 பேர் பிரச்சினை: டீம் எண்டது கல்லில செதுக்கின சாமானா? லீவ் அடிச்சு திரும்ப இன்வைட் பண்ண எவ்வளவு நேரம்? ராவு யார் யார் ஓன்லைனோ அவங்கள வச்சு டீம் போடுங்க, படுக்கப் போற ஆள் லீவ் பண்ணிட்டுப் படுக்கட்டும், அடுத்தவர் வரக்குள்ள இன்வைட் அடிங்க. 9 பேரும் ஒண்டா நிக்கிற ராவு ஒருத்தர் பச்சப் புள்ளி இல்லாம வீட்டில நிக்கட்டும், அதுவும் ஒரே ஆளா இல்லாம முறைக்கு முறை. களுவாஞ்சி அட்மின் சொன்ன மாதிரி வீட்டுக்கும் டீமுக்கும் சம்பந்தமில்ல, டூல் கபர்ட்ல 9 பேர்ட பேரும் இரிக்கலாம், கதவும் 9 பேருக்கும் திறக்கும்.

எந்த பேஸ் எண்ட கேள்வி: ஒரு பெரிய பேஸ் கட்ட வேணாம். அப்கீப் (வீடு பழுதாகாம இரிக்க டூல் கபர்டுக்குள்ள போடுற சாமான்) கணக்கப் பாருங்க, கட்டின செலவில முதல் 15 துண்டுக்கு நாளைக்கு 10 வீதம், பிறகு 15, 20 எண்டு ஏறி கடைசியில 33 வீதத்துக்குப் போகுது. துண்டு கூடக் கூட வீதமே கூடுது. 9 பேருக்கு ஒரு மாளிகை கட்டினா கல்லும் இரும்பும் வெட்டி டூல் கபர்டுக்குள்ள போடுறதுதான் உங்கட விளையாட்டு. ரெண்டு நடுத்தர பேஸ் கட்டுங்க, ஒண்டுட கூரையில நிண்டா மத்ததுட வாசல் தெரியுற தூரம். ஒண்டுக்கு அடிச்சா மத்ததில இருந்து சுடலாம், உங்களுக்கு அந்த ராவு நடந்தது மாதிரி. ஒரு பேஸ் போனாலும் மத்ததில சாமான் இரிக்கும். ரெண்டிலயும் ரெண்டு பக்க ஆக்களும் கலந்து பேக் வையுங்க, கல்லடி வீடு அக்கரை வீடு எண்டு பிரிக்காம.

கோட் கதைக்கு வாறன். கெஸ்ட் கோட் கூடாத சாமான் இல்ல நானா, அத ஒரு பக்கத்துக்கு மட்டும் குடுக்கிறதுதான் கூடாது. 9 பேருக்கும் கெஸ்ட் கோட் குடுங்க, கல்லடி ஆக்கள் உட்பட. மெயின் கோட் ரெண்டு பேருக்கு மட்டும், அந்தப் பக்கம் ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர். டூல் கபர்ட்லயும் ஒரு லொக் போட்டு அந்த ரெண்டு பேர்ட கையில வையுங்க, அப்ப லிஸ்ட கிளியர் பண்ற வேலை மத்தவங்களால ஏலா. எல்லாரும் பேர் ஏத்தினதுக்குப் பிறகு லொக் போடுங்க. அப்கீப்புக்கு கல்லு போட அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வரோணும், அந்தக் கரைச்சல் இரிக்கி, ஒரு நாளைக்கு ஒருக்கா நிறையப் போட்டாச் சரி.


அக்கரை நானா

அக்கா, எல்லாருக்கும் கெஸ்ட் கோட் எண்டா எங்களுக்கு முழு சம்மதம். நிந்தவூர் ஆளுக்கு இத வாசிச்சுக் காட்டினன், ராவைக்கு வாறன் எண்டிட்டார்.


உன்னிச்சைக் குளம்

லீடர் கதை இன்னும் முடியல்ல.

நான் வயல்காரன்ட மகன், எனக்குத் தெரிஞ்சத வச்சு ஒண்டு சொல்றன். எங்கட வட்டையில (வயல்வெளியில) வட்டவிதானை எண்டு ஒருத்தர் இரிப்பார், யாருக்கு எப்ப தண்ணி எண்டு பாக்கிறவர். அவர் பெரிய காணிக்காரனா இரிக்கோணும் எண்டில்ல, செய்றவங்க சேர்ந்து வைக்கிற ஆள், போகம் தொடங்க முன்ன கூட்டத்தில கதைச்சு முடிவெடுக்கிற. தண்ணி திறந்ததுக்குப் பிறகு வயலுக்குள்ள நிண்டு சண்டை பிடிச்சா பயிர்தான் காயும்.

அப்பிடி ஒரு வைப்புக்கு ஒரு ஆள். இந்த வைப் கல்லடியில ஒருத்தர் எண்டா அடுத்த வைப் அக்கரைப்பற்றில ஒருத்தர். அவர்ட வேலை என்னெண்டத முதலே எழுதி டிஸ்கோர்ட்ல பின் பண்ணுங்க. சண்டைக்குள்ள நிக்கக்குள்ள அவர் சொல்றது சட்டம், ஓடு எண்டா ஓடுற, எதிர்க் கதை இல்ல. சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அவரும் மத்தவரப் போலதான். எவனை ரெயிட் பண்ற எண்டத கை தூக்கி முடிவெடுக்க வேணாம், நானா சொன்ன 5க்கு 4 அங்கதான் வரும். ரெண்டு பக்கத்திலயும் குறைஞ்சது ரெண்டு ரெண்டு பேர் ஓம் எண்டாத்தான் போறது எண்டு வையுங்க.


ஓட்டமாவடி

அக்கா சொன்ன கோட் முறை எங்களுக்கு அப்ப தெரிஞ்சிரிக்கோணும், நல்ல முறை.

ஆனா லூட் கதைய ஒருத்தரும் தொடல்ல. கணக்கு ஒண்டு பாருங்க. ஒரு கராஜ் டோருக்கு 3 ரொக்கெட். ஒரு ரொக்கெட் 1400 சல்ஃபர். மூணு கராஜ் டோர் தாண்டி உள்ளுக்குப் போறதெண்டா 9 ரொக்கெட், 12,600 சல்ஃபர். இது யார் வெட்டின சல்ஃபர்? உள்ளுக்குப் போய் எடுக்கிற சாமானை 9 பேர் பிரிச்சா ஒருத்தருக்கு என்ன மிஞ்சும்? 4 பேர்ல லாபமா இரிந்த ரெயிட் 9 பேர்ல நட்டம். அப்ப பெரிய பேஸா அடிக்கோணும், அதுக்கு இன்னும் சல்ஃபர், அப்ப கொஞ்சப் பேர் நாள் முழுக்கக் கல்லு வெட்டுற ஆக்களாப் போயிருவாங்க. எங்கட குறூப்ல முதல் வெடிப்பு வந்தது இந்த இடத்திலதான்.

என்ட யோசனை, வெடிக்கிற சாமான் எல்லாம் பொது, சல்ஃபர், கன்பவுடர், ரொக்கெட், சீ4. டூல் கபர்டுக்குப் போற கல்லும் இரும்பும் பொது. துவக்கும் உடுப்பும் மருந்தும் ஆளுக்கொரு பெட்டி, அதுல அவரவர் லொக். ரெயிட்ல எடுக்கிற துவக்கு முதல்ல அண்டைக்குச் செத்து சாமான் இழந்த ஆக்களுக்கு, மிச்சம் பொதுவுக்கு.


திருக்கோவில் அக்கா

ஓம், அது சரி. ஒண்டு சேருங்க, புளூபிரிண்ட் (ஒரு சாமான் செய்யப் படிக்கிறது). அது ஆளுக்கு ஆள் தனி, டீம்ல சேர்ந்தா மத்தவன் படிச்சது உங்களுக்கு வராது. 9 பேரும் ஒரே சாமானுக்கு ஸ்க்ரப் செலவழிக்காம, ஒருத்தர் கராஜ் டோர், ஒருத்தர் ரொக்கெட், ஒருத்தர் டரெட், ஒருத்தர் மருந்து எண்டு பிரிங்க. முக்கியமான சாமான ரெண்டு பக்கத்திலயும் ஒவ்வொருத்தர் படிக்கோணும், ராவு 2 மணிக்குக் கதவு செய்யத் தெரிஞ்ச ஆள் நித்திரையெண்டா அக்கரை ஆக்கள் என்ன செய்வாங்க.

அதோட உங்கட பழைய டிஸ்கோர்ட் ரூம அழிச்சுப் போடாதீங்க, ரெண்டு பக்கமும். புது ரூம் ஒண்டு போடுங்க, பழசும் இரிக்கட்டும். கூட்டாளிமார் தனியக் கதைக்க ஒரு இடம் வேணும், அதப் பாத்து மத்தப் பக்கம் சந்தேகப்படவும் கூடாது.


நாவற்குடா 09

நான்தான் அந்த ஒன்பதாவது ஆள். அண்ணன் இந்த இழைய எனக்குக் காட்டல்ல, நானே கண்டன்.

எனக்கு ஏஎல் சோதனை இரிக்கி, ராவு 9 மணிக்குப் பிறகு வீட்டில விடுறதில்ல, என்ட மெஷினும் பழசு, சண்டைக்குள்ள போனா படம் நிண்டு நிண்டு வரும். அதால டீம்ல பச்சப் புள்ளி இல்லாட்டிப் பரவாயில்ல. எனக்கு விருப்பம் வீடு கட்டுறதும் கரண்ட் வேலையும். இப்ப இரிக்கிற பேஸ்ல பட்டரி, டரெட் வயர், ஸ்மார்ட் அலாரம் எல்லாம் நான் போட்டதுதான், பேஸுக்கு அடி விழுந்தா ரஸ்ட் பிளஸ் எண்ட போன் அப்ல எங்க எல்லாருட போனுக்கும் அடிக்கும்.

நான் கேக்கிறது ஒண்டுதான். எந்தப் புது பேஸ் கட்டினாலும் அதுட டூல் கபர்ட்ல என்ட பேரும் இரிக்கோணும். கட்ட ஏலாட்டி எனக்கு அங்க வேலை இல்ல. அக்கரை அண்ணன்மார்ட பேஸ்லயும் வயர் வேலை செஞ்சு தாறன், எனக்கு அங்க உள்ளுக்கு வர மட்டும் விட்டாச் சரி.


அக்கரை நானா

மனே, நீ வா. எங்கட பேஸ்ல டரெட் ரெண்டு கரண்ட் இல்லாம சும்மா நிக்கிது, எங்கள்ல ஒருத்தனுக்கும் அந்த வயர் வேலை விளங்கல்ல. சோதனை முடியட்டும், அது முதல். சனி பின்னேரம் நேரமிரிந்தாச் சொல்லு, கதவத் திறந்து வைக்கன்.


களுவாஞ்சி அட்மின்

தம்பிமார், பச்சப் புள்ளி இல்லாத ஆள் வெளியில வாற நேரம் ஒரு ஏற்பாடு வேணும். எல்லாரும் ஒரே நிற உடுப்பு போடுங்க, தொப்பி கட்டாயம் ஒரே நிறம். சண்டைக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடாம இடம் சொல்லிக் கூப்பிடுங்க, "நான் பாறைக்கு இடப்பக்கம்" எண்டு. 9 பேரும் ஒரே நேரத்தில மைக்கில கத்தினா காலடிச் சத்தம் கேக்காது, ரஸ்டில காதுதான் பாதி விளையாட்டு. சண்டை தொடங்கினா வைப்புக்கு வச்ச ஆளும் கண்ட ஆளும் மட்டும் கதைக்கிற.

மாரி மழைக்கு நம்மட பக்கம் கரண்ட் போற காலமும் வருது. மட்டக்களப்பில போனா அக்கரைப்பற்றில இரிக்கலாம், அக்கரைப்பற்றில போனா மட்டக்களப்பில இரிக்கலாம். திருக்கோவில் பிள்ளை சொன்ன நேரக் கணக்கோட இதயும் சேருங்க. எல்லாரும் ஒரே ஊர்ல இரிக்கிற குறூப்புக்கு இது கிடையாது.


ஓட்டமாவடி

கடைசியா ஒண்டு, இதக் கட்டாயம் செய்யுங்க. பிரியுறதெண்டா எப்பிடிப் பிரியுற எண்டு இப்பவே, நல்லா இரிக்கிற நேரத்திலயே கதைச்சு வையுங்க. யாராவது போகோணும் எண்டா முதல்ல ஆக்களுக்குச் சொல்லோணும், அவரவர் பெட்டி அவரவருக்கு, பொதுப் பெட்டியில தலைக்கு ஒரு பங்கு, ரெண்டு பேஸ்ல ஒண்டு அவங்களுக்கு. கோட் மாத்துறதெண்டா போற ஆள் சாமானோட வெளியில போனதுக்குப் பிறகு. இத எழுதி வைக்க வெக்கப்பட வேணாம். நாங்க எழுதி வச்சிரிந்தா அண்டைக்கு நான் கதவத் தட்டியிரிக்கத் தேவையில்ல.


கல்லடிக்காரன்

எல்லாத்தையும் ராவு ரெண்டு பக்க ஆக்களும் ஒண்டா இரிந்து வாசிச்சம். முடிவச் சொல்றன்.

இந்த வைப்புல சேரல்ல. இப்ப இரிக்கிற மாதிரி ரோட்டுக்கு இங்கால நாங்க, அங்கால அவங்க. சுடுறதில்ல, அடிச்சா ஓடி வாறது. ரெண்டு பேஸ்லயும் மத்தப் பக்கத்துக்கு வாசல்ல ஒரு சின்ன அறை, அதுக்குள்ள பேக், மருந்து, துவக்கு ரெண்டு. உள்வீட்டுக் கதவுக்கு கோட் குடுக்கல்ல, அவங்களும் கேக்கல்ல, நாங்களும் கேக்கல்ல. நாவற்குடாத் தம்பிய மட்டும் ரெண்டு டூல் கபர்ட்லயும் ஏத்துறம், அவன்தான் இப்ப ரெண்டு வீட்டுக்கும் கரண்ட்காரன்.

அடுத்த மாசம் முதல் வியாழன் நடுச்சாமம் வைப் வருதே, அண்டைக்குச் சேர்றம். ரெண்டு பேஸ், பொதுச் சாமானும் தனிப் பெட்டியும் ஓட்டமாவடி அண்ணன் சொன்ன மாதிரி, 9 பேருக்கும் கெஸ்ட் கோட், மெயின் கோட் எங்கட பக்கம் ஒருத்தர் அவங்கட பக்கம் நிந்தவூர் ஆள். அவரத்தான் வைக்கோணும் எண்டு எங்கட ஆக்கள்தான் சொன்னாங்க. முதல் வைப்புக்கு சண்டையில சொல்ற ஆள் அக்கரைப்பற்றில இருந்து. நாங்க 5 பேர் எண்டதால முதல் முறை அவங்களுக்கு விடுறதுதான் சரி எண்டு எனக்குப் பட்டிச்சு, எங்கட ஆக்கள்ல ஒருத்தனும் மறுக்கல்ல. பிரியுற சட்டமும் எழுதி பின் பண்ணியாச்சு.

தனியாள் அண்ணே, வில்லும் துணியுமா நிக்கிற ஆளைச் சுடுறல்ல எண்டதும் அதுக்குள்ள இரிக்கி. சுட்டவன் அண்டைக்கு முழுக்க டூல் கபர்டுக்குக் கல்லு வெட்டோணும்.


கல்முனைத் தனியாள்

சந்தோசம் தம்பி. நான் அந்த சேர்வருக்கே வாறன் அடுத்த வைப்புக்கு. தனியத்தான் இரிப்பன், ஆனா பக்கத்தில ஒரு குடில் போட்டா விடுவீங்கதானே.


அக்கரை நானா

கட்டாயம் போடுங்க. எங்கட டூல் கபர்ட் எல்லைக்கு வெளியில போட்டாத்தான் கட்ட விடும், அந்தத் தூரத்த மட்டும் பாத்துக்கொள்ளுங்க. மச்சான், வைப் அண்டைக்கு முதல்ல உள்ளுக்கு வாற ஆள் எல்லாருக்கும் காத்துக் கொண்டு நிக்க வேணாம், மரம் வெட்டி டூல் கபர்ட வச்சிட்டு இடத்த மெப்பில குறிச்சு அனுப்பட்டும்.


களுவாஞ்சி அட்மின்

டூல் கபர்ட் வச்ச கையோட கதவும் லொக்கும் போடுங்க, முதல் மணித்தியாலத்திலதான் கனபேர்ட வீடு போறது. அந்தக் கோட் நம்பர இந்த இழையில ஒருத்தரும் எழுத வேணாம், எந்த சேர்வர் எண்டதயும் சொல்ல வேணாம், தனியாளுக்குத் தனி மெசேஜ்ல அனுப்புங்க.